எந்தத் தகடு எந்த பிளேயரில் ஓடும்? உயர்தர ஒலி-ஒளி பிளேயர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தர புளூ-ரே பிளேயரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சின்னங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும்: யூஎச்டி புளூ-ரே (4கே படத்துக்கானது), புளூ-ரே 3டி, டிவிடி, எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, டால்பி விஷன், டிடிஎஸ்:எக்ஸ். அத்தனையும் இருக்கிறதே என்று நம்பி வாங்கி வந்து இணைத்த பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. எஸ்ஏசிடி (உயர்தர ஒலிக்கான தகடு வகை) சுழல்கிறது, ஒலி வரவில்லை. அல்லது ஒலி வருகிறது, ஆனால் அது அதே தகட்டிலுள்ள சாதாரண சிடி அடுக்கின் ஒலி. படம் ஓடுகிறது, ரிசீவரின் (ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) முகப்பில் 'அட்மாஸ்' (மேலிருந்தும் சூழும் டால்பியின் ஒலிமுறை) என்ற சொல் மட்டும் எழவே இல்லை. பெரும்பாலான நேரங்களில் பிளேயரில் எந்தப் பழுதும் இருக்காது.

ஒரு தகடு ஒரு பிளேயரில் ஓடும் என்று சொல்ல மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். லேசர் அதைப் படிக்குமா? படித்ததை விரித்தெடுக்கும் உரிமமும் மென்பொருளும் உள்ளே இருக்கின்றனவா? விரித்ததை எந்த இணைப்பு வழியாக, எந்த வடிவில் வெளியே விடுவார்கள்? பெட்டியிலுள்ள சின்னங்கள் முதல் இரண்டுக்குத்தான் பதில் சொல்கின்றன. மூன்றாவதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. மக்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒப்போ யூடிபி-205 என்ற பிளேயரை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். 2017-இல் வந்தது. 2018 ஏப்ரலில் ஒப்போ டிஜிட்டல் புதிய பிளேயர்கள் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனாலும் 'எல்லாத் தகடுகளையும் ஏற்கும் பிளேயர்' என்ற பேச்சு வந்தால் இன்றும் பலர் முதலில் சொல்வது அதன் பெயரைத்தான். அதன் பட்டியலைப் புரிந்துகொண்டால் வேறு எந்த பிளேயரின் பட்டியலையும் படித்துவிடலாம்.

படி 1: பிளேயரைப் பார்க்கும் முன் அலமாரியைப் பாருங்கள்

உங்களிடம் இருக்கும் தகடுகளை வெளியே எடுத்து, உறையின் முதுகிலும் பின்பக்கத்திலும் உள்ள சின்னங்களைக் கொண்டு பிரித்து அடுக்குங்கள். பலர் இந்த வேலையைச் செய்யாமலே பிளேயர் வாங்கக் கிளம்புகிறார்கள். எஸ்ஏசிடி ஒன்றுகூட இல்லாதவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும், பெட்டி நிறைய டிவிடி-ஆடியோ வைத்திருப்பவர் அதைப் படிக்காத பிளேயரை வாங்குவதும் இப்படித்தான் நடக்கின்றன.

பிரிக்கும்போது சில சின்னங்கள் ஏமாற்றும். எஸ்எச்எம்-சிடி, யூஎச்கியூசிடி, எக்ஸ்ஆர்சிடி என்று ஜப்பானிய உறைகளில் இருப்பவை எல்லாம் சாதாரண சிடிகளே. நல்ல பிளாஸ்டிக், கவனமான மாஸ்டரிங் என்ற வேறுபாடுகள் இருக்கலாம். உள்ளே இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலிதான். எந்த சிடி பிளேயரிலும் ஓடும். எச்டிசிடி-யும் சிடியாகவே ஓடும். அதில் மறைத்து வைத்த கூடுதல் நுணுக்கத்தைப் பிரித்தெடுக்க மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். எம்கியூஏ-சிடி-யின் நிலையும் அதுவே. இவற்றைத் தனிக் குவியலாக்க வேண்டாம், சிடிகளோடு சேர்த்துவிடுங்கள்.

ஆனால் எஸ்எச்எம்-எஸ்ஏசிடி வேறு. 2010-இல் ஜப்பானில் வரத் தொடங்கிய இந்த வரிசையில் சிடி அடுக்கே கிடையாது. எஸ்ஏசிடி படிக்காத பிளேயரில் போட்டால் ஒன்றுமே வராது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் கடையில் எளிதில் மாறிவிடும்.

டூயல்டிஸ்க் என்று ஒரு வகை 2004 வாக்கில் வந்தது. ஒரு பக்கம் சிடி, மறுபக்கம் டிவிடி. வழக்கமான 1.2 மில்லிமீட்டருக்குப் பதில் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் தடிமன். டிரே உள்ள பிளேயரில் போடுங்கள். வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகைப் பிளேயரில் போடவே வேண்டாம், சிக்கிக்கொள்ளும். எச்டி டிவிடி இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்ட அந்த வகையை நான் இங்கே பேசும் எந்தப் பிளேயரும் படிக்காது.

படி 2: லேசர் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர். டிவிடி, டிவிடி-ஆடியோ, எஸ்ஏசிடி மூன்றுக்கும் 650. புளூ-ரேக்கும் யூஎச்டி புளூ-ரேக்கும் 405. எல்லாத் தகடுகளையும் ஏற்கும் பிளேயரில் இந்த மூன்று ஒளியும் இருக்கும். தகடு உள்ளே போனதும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்து எது பொருந்துகிறது என்று முடிவு செய்யும். டிரே மூடிய பிறகு சில நொடிகள் தாமதமாவது இதனால்தான்.

தரவு இருக்கும் ஆழமும் மாறுகிறது. சிடியில் லேசர் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து போகிறது. தரவு அடுக்கு கிட்டத்தட்ட லேபிளுக்கு அடியிலேயே இருக்கிறது. அதனால் சிடியின் அடிப்பக்கக் கீறலை விட லேபிள் பக்கக் கீறல்தான் ஆபத்து. பால்பாயின்ட் பேனாவால் அங்கே எழுதவே கூடாது. டிவிடியில் தரவு நடுவில், 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. புளூ-ரேயில் மேற்பரப்புக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளே. அதன் மேல் கடினப் பூச்சு இருப்பதால் எளிதில் கீறாது, ஆனால் விரல் ரேகையும் எண்ணெய்ப் படலமும் புளூ-ரேயைத் தொந்தரவு செய்வதுபோல வேறெதையும் செய்வதில்லை.

யூஎச்டி தகடுகள் 50, 66, 100 ஜிபி என மூன்று அளவில் வருகின்றன. 100 ஜிபி தகட்டில் மூன்று அடுக்குகள். படம் நடுவில் திடீரென்று உறைந்து நிற்பது இந்த வகையில்தான் அதிகம்.

படி 3: ஒவ்வொரு வகையும் பிளேயரிடம் கேட்பது என்ன

சிடி, டிவிடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவற்றை எல்லாப் பிளேயரும் ஓட்டும். கவனம் தேவைப்படும் வகைகளுக்கு நேராகப் போய்விடலாம்.

எஸ்ஏசிடி. சோனியும் பிலிப்ஸும் 1999-இல் கொண்டுவந்தவை. சிடியில் இருப்பதுபோல 16 பிட் எண்கள் இதில் இல்லை; ஒரே பிட், நொடிக்கு 28 லட்சத்து 22 ஆயிரத்து 400 முறை. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸைப் போல 64 மடங்கு. இதற்கு டிஎஸ்டி என்று பெயர். பெரும்பாலான எஸ்ஏசிடிகள் 'ஹைப்ரிட்' வகை. மேலே சிடி அடுக்கு, நடுவே பாதி ஒளியூடுருவும் எஸ்ஏசிடி அடுக்கு. 780 நானோமீட்டர் ஒளி நடு அடுக்கைக் கடந்து சிடியைப் படிக்கும், 650 ஒளி நடு அடுக்கிலேயே திரும்பிவிடும். எஸ்ஏசிடி படிக்காத பிளேயரிலும் இந்தத் தகடு ஓடுவது இதனால்தான். பலர் இதைப் பார்த்து 'என் பிளேயரில் எஸ்ஏசிடி ஓடுகிறது' என்று நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்பது சிடியை.

எஸ்ஏசிடி அடுக்குக்குள் இரண்டு தனிப் பகுதிகள் இருக்கலாம்: ஸ்டீரியோ, பலதடம் (5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்). 5.1 ஒலியைச் சுருக்கி ஸ்டீரியோ ஆக்குவதில்லை; ஸ்டீரியோவுக்குத் தனியே கலவை செய்து தனிப் பகுதியாகப் பதிந்திருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைத்திருப்பவர் ஸ்டீரியோ பகுதியைத் தேர்ந்தெடுக்காமல் பலதடப் பகுதியை ஓட்டினால், பிளேயர் செய்யும் சுருக்கத்தைத்தான் கேட்பார்.

டிவிடி-ஆடியோ. 2000-இல் வந்தது. ஸ்டீரியோவில் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை, 5.1 ஒலியில் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். எம்எல்பி என்ற இழப்பில்லாச் சுருக்க முறை இதற்கென்று வந்தது. பின்னாளில் புளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்டி அதிலிருந்துதான் வளர்ந்தது. இந்தத் தகட்டிலும் ஒரு பொறி உண்டு. பல தகடுகளில் சாதாரண டிவிடி பகுதி ஒன்றும், டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஒலியுடன், கூடவே இருக்கும். டிவிடி-ஆடியோ தெரியாத பிளேயர் அந்தப் பகுதியை ஓட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடும். எது ஓடுகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ரிசீவரின் முகப்பு: 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'டிடிஎஸ்' என்று காட்டினால் வீடியோ பகுதி, பலதட பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி), 96 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டினால் உண்மையான டிவிடி-ஆடியோ.

இசைக்கான புளூ-ரே. 'பியூர் ஆடியோ' என்ற பெயரில் வந்தவை. இவற்றுக்குத் தனிச் சின்னம் வேண்டியதில்லை, எந்தப் புளூ-ரே பிளேயரிலும் ஓடும். பல தகடுகளில் ரிமோட்டிலுள்ள சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலப் பொத்தான்களால் ஸ்டீரியோவா 5.1-ஆ என்று மாற்றலாம். டிவியை அணைத்துவிட்டுக் கேட்பவர்களுக்கு இது பெரிய வசதி. உயர்தர ஒலியை இப்போதுதான் சேகரிக்கத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை இதுதான். எஸ்ஏசிடியின் கட்டுப்பாடுகள் இதில் மிகக் குறைவு.

புளூ-ரே திரைப்படங்கள். டால்பி அட்மாஸுக்கும் டிடிஎஸ்:எக்ஸுக்கும் புதிய பிளேயர் வேண்டும் என்று நினைப்பவர் பலர். வேண்டியதில்லை. தகட்டில் அட்மாஸ் ட்ரூஎச்டி-க்குள்ளும், டிடிஎஸ்:எக்ஸ் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவுக்குள்ளும் பொதிந்து வருகின்றன. பத்து, பதினைந்து ஆண்டு பழைய பிளேயராக இருந்தாலும், அதை மாற்றாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பினால் போதும். பிரித்தெடுப்பது ரிசீவரின் வேலை.

யூஎச்டி புளூ-ரே. 2016-இல் வந்தது. எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் படமுறை; அதன் அடிப்படை வடிவமான எச்டிஆர்10 எல்லா எச்டிஆர் தகட்டிலும் இருக்கும். டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸும் சில தகடுகளில் மட்டும் கூடுதலாக வரும். பிளேயர், டிவி இரண்டும் ஆதரித்தால்தான் அந்தக் கூடுதல் கிடைக்கும், இல்லையென்றால் எச்டிஆர்10-ஆக ஓடும். 3டி இந்த வடிவத்தில் இல்லவே இல்லை. 3டி படங்கள் சாதாரண புளூ-ரே 3டி தகட்டில்தான் வந்தன; அதற்குத் தனி ஆதரவு வேண்டும்.

படி 4: பிளேயரைத் தேர்ந்தெடுங்கள், விலையைப் பார்த்து அல்ல

சாம்சங் 2019-இல் புதிய யூஎச்டி பிளேயர்களை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்தியது. எல்ஜி 2024-இல் விலகியது. தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது, ஆகவே இருப்பவற்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

பானசோனிக் டிபி-யூபி9000, 2018. படத்தரத்தில் பலரும் முதலிடம் தருவது. டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் இரண்டும் உண்டு, 7.1 அனலாக் வெளியீடும் ஸ்டீரியோவுக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை அனலாக்) இணைப்பும் உண்டு. இவ்வளவு விலை கொடுத்தும் எஸ்ஏசிடி படிக்காது. அதைவிடப் பன்மடங்கு விலை குறைந்த சோனி யூபிபி-எக்ஸ்800எம்2 எஸ்ஏசிடியும் படிக்கும், டிவிடி-ஆடியோவும் படிக்கும். ஆனால் சோனியில் எச்டிஆர்10 பிளஸ் இல்லை, அனலாக் ஒலி வெளியீடும் இல்லை. விலை ஏற ஏறத் தகடு வகைகள் கூடும் என்ற நம்பிக்கையைப் பொய்யாக்க இந்த இரண்டு பிளேயர்களே போதும்.

பயனீர் யூடிபி-எல்எக்ஸ்500 எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ இரண்டையும் ஓட்டும். ஆனால் அனலாக் வழியில் ஸ்டீரியோ மட்டுமே. ரியாவன் யூபிஆர்-எக்ஸ்200-உம், 2023-இல் வந்த மாக்னெட்டார் யூடிபி800, யூடிபி900 ஆகியவையும் ஒப்போ விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வந்தவை. எஸ்ஏசிடி இவற்றில் உண்டு. பழைய ஒப்போ யூடிபி-205-இன் தனிச்சிறப்பு, படி 3-இல் சொன்ன எல்லா வகைத் தகடுகளையும் படித்து, 7.1 அனலாக், எக்ஸ்எல்ஆர், இரட்டை எச்டிஎம்ஐ என எல்லா வழியிலும் வெளியே விடுவது. ரிசீவர் பழையதாக இருப்பவர்களுக்கு அது இன்னமும் பெருமதிப்புடையது.

தேர்வு செய்யும்போது நான் சொல்லும் வரிசை இது: அலமாரியில் எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ குவியல் இருந்தால் பானசோனிக்கை மறந்துவிடுங்கள். அந்தக் குவியல் இல்லாமல் திரைப்படங்களே இருந்தால் பானசோனிக்கைத் தாண்டிப் போக வேண்டிய தேவை இல்லை.

படி 5: மண்டலக் குறியைச் சரிபாருங்கள்

தமிழர்கள் பல நாடுகளில் இருக்கிறோம், தகடுகளும் நம்மோடு நாடு விட்டு நாடு போகின்றன. டிவிடிக்கு இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5, சிங்கப்பூர், மலேசியா 3, பிரிட்டனும் ஐரோப்பாவும் 2, அமெரிக்கா, கனடா 1, ஆஸ்திரேலியா 4. புளூ-ரேயில் மூன்றே மண்டலங்கள்: அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஏ, பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுக்கு பி, இந்தியா, இலங்கைக்கு சி. டொரொன்டோவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மண்டலக் குறி போட்ட புளூ-ரே, சென்னையில் வாங்கிய பிளேயரில் மறுக்கப்படலாம். எல்லா புளூ-ரேயிலும் இந்தப் பூட்டு இல்லை. உறையின் பின்பக்கம் ஏ, பி, சி மூன்று எழுத்துகளும் இருந்தால் கவலை வேண்டாம்.

யூஎச்டி புளூ-ரேயில் மண்டலப் பூட்டே கிடையாது. எஸ்ஏசிடிக்கும் கிடையாது. யூஎச்டி பெட்டியோடு இலவசமாக வரும் சாதாரண புளூ-ரே தகட்டுக்கு மட்டும் பூட்டு இருக்கலாம், கூடுதல் காட்சிகள் பெரும்பாலும் அந்தத் தகட்டில்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து யூஎச்டி படம் வாங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

என்டிஎஸ்சி, பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறைப் பிரிவு டிவிடியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தியத் தொலைக்காட்சி முறை பிஏஎல் என்றாலும், தமிழ்ப் பட டிவிடிகள் பல என்டிஎஸ்சியில் அச்சாகியிருக்கின்றன. நல்ல பிளேயர் இரண்டையும் ஏற்கும். வெளியீட்டு அமைப்பை ஏதோ ஒன்றில் கட்டி வைக்காமல் 'தானியங்கி' அல்லது 'மூலத்தின்படி' என்று விடுங்கள்; கட்டி வைத்தால் நொடிக்கு 25 படச்சட்டத்தை 30 ஆக்கும் முயற்சியில் அசைவுகள் துள்ளும்.

படி 6: கேபிள்தான் தீர்ப்பு சொல்லும்

முன்னே சொன்ன மூன்றாவது கேள்வி இங்கே வருகிறது. ஒலியை வெளியே கொண்டுபோக ஆப்டிகல் அல்லது கோஆக்சியல், எச்டிஎம்ஐ, அனலாக் என மூன்று வழிகள். ஒவ்வொன்றிலும் எது போகும், எது போகாது என்பது தொழில்நுட்பத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை. நகலெடுப்பைத் தடுக்க உரிமையாளர்கள் போட்ட நிபந்தனைகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஆப்டிகலும் கோஆக்சியலும் சிடிக்கும் டிவிடியின் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலிக்கும் போதுமானவை. எஸ்ஏசிடியின் டிஎஸ்டி ஒலி அவற்றில் போகவே போகாது. டிவிடி-ஆடியோவின் 96, 192 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் பெரும்பாலும் ஸ்டீரியோவாகச் சுருங்கி, 48-க்குக் குறைக்கப்பட்டுத்தான் வரும். ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டையும் சுமக்கும் இடம் அந்த இணைப்பில் இல்லை. அவற்றின் அடிப்படை டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் வடிவம் மட்டுமே போகும். எஸ்ஏசிடி சுழன்றும் ஒலி வராத வீடுகளில் நான் முதலில் கேட்பது, 'பெருக்கிக்குப் போகும் கேபிள் ஆப்டிகலா?' என்றுதான்.

ஆகவே உங்களிடம் எஸ்ஏசிடி இருந்தால் இரண்டே வழி: ரிசீவருக்கு எச்டிஎம்ஐ, அல்லது பிளேயரின் அனலாக் வெளியீடு. ஸ்டீரியோ பெருக்கி வைத்திருப்பவருக்கு அனலாக்தான் சரி. அந்த நேரத்தில் பிளேயருக்குள் இருக்கும் ஒலிமாற்றியின் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் பகுதி) தரம் நேரடியாகக் காதுக்கு வரும். யூடிபி-205-இல் ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் ஈஎஸ்9038புரோ சில்லுகள் இரண்டைப் பொருத்தியிருப்பதற்குப் பொருள் கிடைப்பது இப்படி இணைக்கும்போதுதான். எல்லாவற்றையும் எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கு அனுப்பிவிட்டால் அந்தச் சில்லுகள் ஒலியில் எந்தப் பங்கும் எடுப்பதில்லை. வேலை ரிசீவரின் சில்லுகளுக்குப் போய்விடுகிறது. எச்டிஎம்ஐ மட்டும் பயன்படுத்தப் போகிறவர் விலையுயர்ந்த அனலாக் பகுதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். யூடிபி-203 போன்ற தம்பி மாடல்களே போதும்.

பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாது என்றால் இரட்டை எச்டிஎம்ஐ உள்ள பிளேயர் கைகொடுக்கும். முதன்மை வெளியீட்டை நேராக டிவிக்குக் கொடுங்கள். ஒலிக்கென்று இருக்கும் இரண்டாவதை ரிசீவருக்குக் கொடுங்கள். பிளேயரை டிவிக்கு மட்டும் இணைத்து, அங்கிருந்து ஈஆர்க் (டிவியின் எச்டிஎம்ஐ துளையில் ஒலி திரும்பும் வசதி) வழியே ஒலியைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. சில டிவிகள் டிடிஎஸ் ஒலியைக் கடத்துவதில்லை. டிஎஸ்டியை டிவிகள் புரிந்துகொள்வதே இல்லை. தகடு சேகரிப்பவருக்கு அந்த வழி ஏற்றதல்ல.

எச்டிஎம்ஐ கேபிளுக்கு 18 ஜிகாபிட் தாங்கும் சான்று இருந்தால் எந்த யூஎச்டி தகட்டுக்கும் போதும். 48 ஜிகாபிட் கேபிள் விளையாட்டுக் கருவிகளுக்கானது. டிவியிலும் ரிசீவரிலும் உள்ள துளை எச்டிசிபி 2.2 (நகல் தடுப்பு முறை) ஏற்பதாக இருக்க வேண்டும். பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் 'மேம்பட்ட வடிவம்' என்பதைத் தனியே இயக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாவிட்டால் டால்பி விஷன் வராமல் போகலாம், பழி பிளேயர் மேல் விழும்.

படி 7: அமைப்புப் பட்டியலில் மாற்ற வேண்டியவை

எச்டிஎம்ஐ ஒலியை 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்குங்கள், அதாவது பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும்படி. 'இரண்டாம் நிலை ஒலி' என்ற ஒன்று பெரும்பாலான புளூ-ரே பிளேயர்களில் இருக்கிறது. இயக்குநரின் விளக்கவுரையையும் பட்டியலின் பொத்தான் ஓசையையும் கலப்பதற்கானது. அது இயங்கிக்கொண்டிருந்தால் பிளேயர் ஒலியைத் தானே பிரித்துக் கலந்து மறுபடி சுருக்கி அனுப்பும். அட்மாஸ் காணாமல் போகும். அதை அணையுங்கள். 'அட்மாஸ் வரவில்லை' என்ற புகாரில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரே அமைப்பினால் வருகிறது. 'ஒலி வீச்சுக் கட்டுப்பாடு' என்பதையும் அணைத்துவிடுங்கள்; நள்ளிரவில் பார்க்கும்போது மட்டும் தேவைப்படலாம்.

எஸ்ஏசிடிக்கு இரண்டு அமைப்புகள். முதலாவது எந்தப் பகுதியை ஓட்டுவது என்பது: ஒப்போவில் பலதடம், ஸ்டீரியோ, சிடி என்று மூன்று தேர்வுகள் தரும். சோனியில் அடுக்கைத் தனியாகவும் தடங்களின் எண்ணிக்கையைத் தனியாகவும் கேட்கும். தகட்டை உள்ளே போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இரண்டாவது, டிஎஸ்டியாக அனுப்புவதா, பிசிஎம் ஆக்கி அனுப்புவதா. டிஎஸ்டிதான் 'தூய்மை' என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் ரிசீவர் அறைத் திருத்தமோ (அறையின் தன்மைக்கேற்ப ஒலியைச் சரிசெய்வது) சப்வூஃபருக்கு அடிநாதப் பிரிப்போ செய்கிறது என்றால், பெரும்பாலும் அது டிஎஸ்டியை உள்ளே பிசிஎம் ஆக்கித்தான் அதைச் செய்யும். சில ரிசீவர்கள் டிஎஸ்டி வந்தால் அந்தத் திருத்தங்களையே விட்டுவிடும். அறைத் திருத்தம் உள்ளவர்கள் பிசிஎம் தேர்ந்தெடுப்பதில் எந்த இழிவும் இல்லை. நல்ல அறைத் திருத்தம் தரும் மாற்றம் டிஎஸ்டி-பிசிஎம் வேறுபாட்டை விடத் தெளிவாகக் காதில் விழும்.

டிவிடி-ஆடியோவுக்கு, தகட்டின் ஆடியோ பகுதியையா வீடியோ பகுதியையா முதலில் ஓட்டுவது என்ற அமைப்பு இருக்கும். ஆடியோ என்று வையுங்கள்.

டால்பி விஷன் விஷயத்தில் சோனி பிளேயர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எக்ஸ்700, எக்ஸ்800எம்2 ஆகியவற்றில் அதைக் கையால் இயக்கி, கையால் அணைக்க வேண்டும். இயக்கியபடியே விட்டால் வெறும் எச்டிஆர்10 தகட்டையும் டால்பி விஷனாக மாற்றி அனுப்பும், நிறங்கள் தகட்டில் இருந்தபடி இருக்காது. உறையில் அந்தச் சின்னம் இருக்கும் படத்துக்கு மட்டும் இயக்குங்கள்.

படி 8: விசிடியும் வீட்டில் எழுதிய தகடுகளும்

தமிழ் வீடுகளின் அலமாரியில் விசிடி இல்லாமல் இருப்பது அரிது. ஒரு தகட்டில் 74 நிமிடங்களே என்பதால் இரண்டரை மணி நேரப் படம் இரண்டு, மூன்று தகடுகளாக வந்தது. 2000-களின் பிற்பகுதியில் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலத்தில் அவை இன்னும் பெருகின. வேறு எங்கும் நல்ல பிரதி கிடைக்காத படங்களும் கச்சேரிகளும் நாடகங்களும் அவற்றில் இருக்கின்றன. குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

ஆனால் இன்றைய உயர்தரப் பிளேயர்கள் பலவற்றின் பட்டியலில் விசிடி என்ற பெயரே இல்லை. பெயர் இல்லையென்றால் ஓடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் டிவிடி டிரைவில் போட்டு 'எம்பிஇஜிஏவி' என்ற கோப்புறையைத் திறந்தால் '.டாட்' என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். உள்ளே இருப்பது எம்பெக்-1 படம். விஎல்சி மென்பொருள் அதை நேரடியாக ஓட்டும். எம்பெக் கோப்பாக மாற்றி யூஎஸ்பி குச்சியில் வைத்தால், அந்த வடிவத்தை ஏற்கும் உயர்தரப் பிளேயரிலும் பார்க்கலாம். படத்தின் தெளிவு 352-க்கு 288 புள்ளிகள் அல்லது அதற்கும் குறைவு. பெரிய டிவியில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நூற்றுக்கணக்கான பாடல்கள் நிறைந்த எம்பி3 தகடு ஒலித்தகடு அல்ல, தரவுத்தகடு. பிளேயரின் பட்டியலில் எம்பி3 இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாண வீடியோ பதிந்த டிவிடி ஓடவில்லை என்றால், பதிவுக் கருவியில் 'ஃபைனலைஸ்' (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து மூடுவது) செய்யாமல் விட்டிருக்கலாம். பதிந்த அதே கருவி இன்னும் கிடைத்தால் அதில்தான் முடிக்க வேண்டும். எழுதக்கூடிய தகடுகளின் சாயம் காலத்தோடும் வெயிலோடும் மங்கும். சோனி 2025 பிப்ரவரியில் எழுதக்கூடிய புளூ-ரே தகடுகள் செய்வதையே நிறுத்திவிட்டது. அந்தக் கல்யாண வீடியோவை எந்தப் பிளேயரில் ஓட்டலாம் என்று யோசிப்பதற்கு முன், வன்வட்டில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

படி 9: தகடு படிக்காதபோது, அல்லது பழைய பிளேயர் வாங்கும்போது

முதலில் தகட்டைக் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான நுண்ணிழைத் துணி. மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் தரவுத் தடத்தோடு நீளமாக ஓடி, பிழை திருத்தும் திறனைத் தாண்டிவிடும். கடையிலிருந்து புதிதாக வந்த 100 ஜிபி தகட்டிலும் அச்சு ஆலையின் படலம் இருக்கக்கூடும். உறைந்து நின்ற படங்கள் கழுவிய பிறகு ஓடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

கழுவியும் ஓடவில்லை என்றால் லேசர் கணக்கு உதவும். சிடியும் புளூ-ரேயும் ஓடி, டிவிடி, டிவிடி-ஆடியோ, எஸ்ஏசிடி மூன்றும் மறுக்கப்பட்டால் 650 நானோமீட்டர் லேசர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டிவிடி நன்றாக ஓடி எஸ்ஏசிடி மட்டும் வரவில்லை என்றால் லேசரை விட்டுவிடுங்கள், அமைப்பையும் கேபிளையும் பாருங்கள். சாதாரண புளூ-ரே ஓடி 100 ஜிபி தகடு மட்டும் திணறினால் அழுக்கு அல்லது ஒளித்தலையின் (லேசர் பொருத்திய பகுதி) தேய்மானம்.

நிறுத்தப்பட்ட மாடல்களை, குறிப்பாக ஒப்போவை, பழையதாக வாங்குகிறவர்கள் விற்பவரின் வீட்டுக்கு நான்கு தகடுகளோடு போங்கள்: ஒரு சிடி, இரண்டடுக்கு டிவிடி ஒன்று, சிடி அடுக்கு இல்லாத எஸ்ஏசிடி ஒன்று, 100 ஜிபி யூஎச்டி படம் ஒன்று. ஹைப்ரிட் எஸ்ஏசிடி கொண்டுபோனால் சிடி அடுக்கைப் படித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும், அதனால்தான் சிடி அடுக்கு இல்லாததைச் சொல்கிறேன். யூஎச்டி படத்தை முதல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நடுப்பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் தாவிப் பாருங்கள், மூன்று அடுக்குகளும் படிக்கப்பட வேண்டும். டிவிடியில் அடுக்கு மாறும் இடத்தில் ஒரு கணம் நிற்பது இயல்பு. ஆனால் தலை தடதடவென்று அடிக்கும் ஓசை கேட்டால் பேரம் பேச வேண்டாம், வாங்காமல் திரும்பிவிடுங்கள். நிறுவனமே பிளேயர் தயாரிப்பதை விட்டுவிட்ட மாடலுக்கு அசல் ஒளித்தலை தேடிப் பிடிப்பது, அந்தப் பிளேயரைத் தேடிப் பிடிப்பதைவிடக் கடினம்.